அறுவதற்கென்று ஒரு நூல்

எங்கள் அணையில் மோட்டார் வைத்த வள்ளம் விடக் கூடாது. குடிநீருக்கான அணை அது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீரில் விழக் கூடாது என்று கரையில் இரண்டு பலகை வைத்திருக்கிறார்கள், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மீன் பிடிக்கிறவர்கள் துடுப்பு போட்டுத்தான் போக வேண்டும். துடுப்புக்கு இரண்டு கை வேண்டும். என் மைத்துனனுக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது.

அவன் என் மனைவியின் தம்பி. அவனும் என்னைப் போல மனைவியை இழந்தவன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே பதினோரு மாமரங்கள். நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவன் என்னை மச்சா என்பான். மாங்காய்ப் பருவத்தில் முதலமடையிலிருந்து வடக்கே போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுவது அவன் வேலை. மற்ற மாதங்களில் அணையில் வலை போடுவான். போன பருவத்தில் லோடின் மேலே நின்று கயிறு இழுக்கும்போது சறுக்கிக் கீழே விழுந்தான். இடது தோள் பிசகியது. வைத்தியமெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கை நெஞ்சுக்கு மேலே உயரவில்லை. ஒரு தம்ளரைப் பிடிக்கும், துடுப்பைப் பிடிக்காது.

மீனவர் சங்கத்தில் ஒரு விதி உண்டு. வலை போடும் உரிமை யாருக்கோ அவரே தண்ணீரில் போக வேண்டும், ஆள் வைத்துப் பிடிக்கக் கூடாது. ஒரு வருஷம் முழுக்கப் போகாவிட்டால் உரிமை அடுத்தவருக்கு. காத்திருக்கிறவர்கள் பத்தொன்பது பேர். சங்கத்தில் நான் விசாரித்து வைத்திருந்தேன்.

அவனுக்கு ஒரே மகள். இடுக்கியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விழுந்த செய்தி கேட்டு வந்தவள், கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் திரும்பிவிட்டான். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"அங்க மேகம் ஊட்டுக்குள்ள வருதுங்க மச்சா. போட்ட வேட்டி காயறதில்ல. நமக்குத் தண்ணி மேல இருந்துதான் பழக்கம். தண்ணிக்குள்ள இருக்கச் சொன்னா எப்படிங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வள்ளத்தின் உரிமை போய்விட்டால் அவன் இங்கே இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அந்தப் பதினோரு மரங்களுக்கு அப்பால் விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்கிறவன் நான்.

வள்ளத்துக்குப் பாய் கட்டலாம் என்ற யோசனை அவனுடையது. எங்கள் பக்கத்தில் மலைத்தொடர் ஓர் இடத்தில் திறந்து கிடக்கிறது. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் அணைக்கரையில் பழைய தார்ப்பாய் ஒன்றைக் காயப் போட்டிருந்தோம். ஒரு மூலை கிளம்பி, பிடிக்கப் போன அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. புல்லில் விழுந்து எழுந்தவன், தார்ப்பாயைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.

"மச்சா, நமக்கு ஒரு கைதான். காத்துக்கு ரெண்டு கையும் இருக்குதுங்க."

எங்கள் வீடுகள் வடகரையில். அவன் வலை போடுவது தென்கரையில், பாறைகளுக்குப் பக்கத்தில். அதனால் மேற்குக் காற்றோ கிழக்குக் காற்றோ எங்களுக்கு எப்போதும் குறுக்கேதான் வீசும். குறுக்கே வருகிற காற்றை வைத்துக்கொண்டு போகவும் முடியும், திரும்பவும் முடியும். ஆனால் அவன் வள்ளம் அடி தட்டையானது, அப்படியே பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்துபோகும். பழைய கட்டிலின் இரண்டு பக்கச் சட்டங்களைக் கழற்றி, வள்ளத்தின் இரு பக்கமும் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி தொங்கவிட்டோம். நகர்வது பாதியாகக் குறைந்தது.

பாய்மரம்தான் பெரிய தலைவலி. ஒற்றை மரம் நட்டால் அடியில் துளை போட வேண்டும். ஃபைபர் வள்ளத்தில் துளை போட்டால் நான் தூங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் மாங்காய் பறிக்கும் துறட்டிகள் இரண்டைக் கொண்டுவந்தான். நல்ல முற்றிய மூங்கில், ஒவ்வொன்றிலும் பதினான்கு கணு. வலைப்பையைக் கழற்றிவிட்டு, இரண்டின் நுனியையும் சேர்த்துக் கட்டி, அடிகளை வள்ளத்தின் இரண்டு விளிம்பிலும் நிறுத்தினோம். விளிம்பில் கேட்டுக்குப் போடுகிற கீல். மரம் பின்பக்கம் படுத்துக் கிடக்கும். நுனியிலிருந்து ஒரு கயிறு முன்னால் மூக்குக்கு வந்து, அங்கே ஒரு கிணற்று உருளையைச் சுற்றி, அவன் உட்காரும் இடத்துக்குத் திரும்பி வரும். வலது கையால் இழுத்தால் இரண்டு மூங்கிலும் சேர்ந்து எழுந்து நிற்கும். விட்டால் படுத்துவிடும். உருளையும் கயிறும் வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் வாங்கியவை. கயிற்றுக்காரர் எத்தனை மாடு என்று கேட்டார். ஒரு மாடுதான், ஆனால் தண்ணீரில் நிற்கிறது என்றான் மாப்பிள்ளை.

பாய்க்குத் தார்ப்பாய் சரிப்படவில்லை. நனைந்தால் மூங்கில் வளைந்தது. ஃப்ளெக்ஸ் பேனர்தான் கனம் குறைவு. டவுனில் கழற்றிப் போட்டவை இரண்டு கிடைத்தன. ஒன்று யாருடைய மரணத்துக்கோ வைத்த அஞ்சலி பேனர். அதை வெட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். மற்றது கல்யாண பேனர். முக்கோணமாக வெட்டியதில் மணமகனின் பாதி முகமும் கும்பிடுகிற ஒரு கையும் வந்தன. மணமகள் கத்தரிக்கு வெளியே போய்விட்டாள். முன்விளிம்பை முன்கயிற்றில் வளையம் போட்டுக் கோர்த்தோம், இருபத்திரண்டு வளையங்கள். பின்மூலை மட்டும் சும்மா இருக்கும். அதில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை வாங்கும், விட்டால் படபடத்து ஓய்ந்துவிடும்.

கரையில் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது.

"மாப்பிள்ளை கிளம்பிட்டாருடோய்! பொண்ணு எங்கீங்க?"

"பொண்ணு அக்கட்டக் கரையில நிக்குது. கூட்டியாறத்தான் போறேன்," என்றான் இவன்.

வலது கையில் துடுப்பு இருக்க வேண்டும். திசை திருப்புவது அதுதான். அப்படியானால் பாயின் கயிற்றை யார் பிடிப்பது? கட்டிவிட வேண்டியதுதான். அவன் கட்டினான். லாரியில் போடுகிற அதே முடிச்சு. கயிற்றில் ஒரு கண்ணி, அதற்குள் ஒரு இழுப்பு, அதன் மேல் இரண்டு சுற்று. ஒரு கையாலும் பல்லாலும் அவன் அதைப் போட்ட வேகத்தைக் கரையில் நின்றவர்கள் கைதட்டிப் பாராட்டினார்கள். அவன் கட்டிய லாரியில் பாதி வழியில் தார்ப்பாய் பறந்தது என்று ஒரு புகாரும் வந்ததில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். இம்மி அசையவில்லை. திருப்தியாக இருந்தது. அது மட்டுமில்லாமல் இரண்டு காலி கேன்களை அவன் இடுப்போடு கட்டச் சொன்னேன். சிரித்தான், ஆனால் கட்டிக்கொண்டான்.

பாதி அணை வரைக்கும் அழகாகப் போனது. அந்தப் பாதி முகத்து மணமகன் கும்பிட்டபடியே போனான். நான் கரையின் தடுப்புக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன், வள்ளம் எந்தக் கல்லுக்கு நேராக இருக்கிறது என்று. பதினேழாவது கல்லுக்கு நேரே தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு சுருக்கம் ஓடிவந்தது. காற்று வேகமெடுக்கும்போது அணையில் அப்படித்தான் தெரியும். பாய் விறைத்தது. வள்ளம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் படுத்துவிட்டது.

கேன்கள் இரண்டும் முதலில் தெரிந்தன. பிறகு தலை. வலை எடுக்கப் போயிருந்த இன்னொரு வள்ளக்காரர் அவனைக் கரை சேர்த்தார். உதடு நீலமாக இருந்தது. நான் துண்டைப் போர்த்தினேன். அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"முடிச்சு அவுந்துருச்சுங்களா மச்சா?"

அவிழவில்லை. வள்ளத்தை இழுத்துவந்து நிமிர்த்தியபோது முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. தண்ணீரில் ஊறி இன்னும் இறுகியிருந்தது. கத்தியால்தான் அறுத்தோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். லாரியில் தார்ப்பாய் ஒரு மூலைகூடக் கிளம்பக் கூடாது. அவன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்ததும் அதற்காகத்தான். பாய்க்கு வேண்டியது வேறு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் அவன் மகள் போனில் பேசினாள். யாரோ அவளுக்கு வீடியோ அனுப்பிவிட்டார்கள்.

"மாமா, நீங்க படிச்சவங்க. நீங்களும் சேர்ந்தா இத செஞ்சீங்க?"

நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனை எங்கள் நடுவில் வைத்தேன்.

"நான் சண்டை போடல மாமா. ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். இன்னொரு தடவை கவுந்தா நான் பஸ் ஏறி வந்துருவேன். அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் நீங்க குறுக்க வரக் கூடாது."

சரி என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன்.

நான் மின்சார இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஃப்யூஸ் என்பது நான் தினமும் கையாண்ட சாமான். அதிகக் கரண்ட் வந்தால் வீடு எரிவதற்கு முன்பே தான் உருகிப்போவதற்காக அந்த மெல்லிய கம்பியை வைக்கிறோம். பாயின் கயிற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. பின்மூலைக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு நூல். வள்ளம் கவிழும் அளவுக்குக் காற்று வந்தால் அதற்கு முன்பே நூல் அறுந்துவிட வேண்டும்.

எவ்வளவு காற்று என்று தெரியாமல் நூல் வெட்ட முடியாது. மீன் நிறுக்கிற கொக்கித் தராசைக் கயிற்றின் நடுவில் மாட்டி, அன்று காப்பாற்றிய வள்ளக்காரரையும் மாப்பிள்ளையோடு அனுப்பினேன். விளிம்பு தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று அவர் கரைக்குக் கத்த வேண்டும். "பதினொண்ணு!" என்று கத்தினார். இன்னொரு தடவை, "பன்னெண்டு!" அப்படியானால் ஒன்பது கிலோவுக்குள் அறுகிற நூல் வேண்டும்.

மூன்றாவது மாமரத்தின் கிளையில் சாக்கு தைக்கும் பருத்தி நூலைக் கட்டி, அதில் வாளியைத் தொங்கவிட்டேன். வாளிக்கும் ஒரு கிலோ கணக்கு. பிறகு லிட்டர் குவளையால் ஊற்றிக்கொண்டே வந்தேன். ஆறாவது குவளையில் அறுந்தது. இன்னொன்று, ஆறு. இன்னொன்று, ஐந்தரை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று படுத்த பிறகுதான் நனைந்த நூல் என்ன செய்யும் என்ற பயம் வந்தது. காலையில் நனைத்துப் பார்த்தேன். ஏழரை தாங்கியது. வாளியோடு எட்டரை. நல்லவேளை, அதுவும் கணக்குக்குள்தான். அதற்குப் பிறகு எல்லா நூலையும் நனைத்தே சோதித்தேன்.

இரண்டு முனையிலும் கண்ணி வைத்து நூல்களை வெட்டினேன். ஒற்றைக் கையால் முடிச்சு போட வேண்டாம், கொக்கியில் மாட்டினால் போதும். ஒவ்வொரு தடவை போகும்போதும் மூன்று நூல். அறுந்த துண்டுகளைச் சாயங்காலம் என்னிடம் கொடுக்க வேண்டும். மகளுக்கும் போனில் இந்தக் கணக்கைச் சொல்லிவைத்தேன்.

அது வேலை செய்தது. முதல் நாளிலேயே காற்று எகிறியபோது ‘டப்’ என்று ஒரு சத்தம், பாய் படபடத்தது, வள்ளம் நிமிர்ந்து நின்றது. நான் கரையில் கைகூப்பினேன். கரையில் இருந்த மற்றவர்கள் கூப்பவில்லை.

"ஏனுங்ணா, லாரிக்கு இப்படித்தான் கட்டுனீங்களா? மாங்கா எல்லாம் பொள்ளாச்சியிலயே எறங்கிருக்குமே!"

அவன் அதற்கும் சிரித்தான். ஆனால் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் நல்ல காற்று. நான்கு நாளும் மூன்று நூலும் முழுசாகத் திரும்பி வந்தன. அவன் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வள்ளம் கரைக்கு வந்ததும் நானே இறங்கிப் போய்க் கொக்கியைப் பார்த்தேன். என்னுடைய நூல் இல்லை. அவன் தானாகவே அதே மாதிரிச் சாக்கு நூல் வாங்கி, இரண்டை முறுக்கி ஒன்றாக்கி மாட்டியிருந்தான்.

மின்சார வேலையில் நான் இதை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிக் கம்பியைச் சுற்றிவைப்பார்கள். பிறகு வீடு போகும்.

"என்ன மாப்ள இது?"

"ரெண்டு போட்டா கொஞ்சம் தாங்குதுங்க."

"தாங்கக் கூடாதுன்னுதான அதையே போட்டிருக்குது!"

"உங்களுக்கென்னங்க, கரையில நின்னு கல்ல எண்ணுவீங்க. தண்ணி நடுவுல படுதா பறந்து, ஊரே பாத்துச் சிரிக்கறப்ப உக்காந்திருக்கறவன் நானு. என் கட்டு அவுந்ததுன்னு ஒருத்தன் சொன்னதில்ல மச்சா. ஒருத்தன்! இப்பத் தெனமும் அறுந்து அறுந்து ஊட்டுக்கு வரோணுமாக்கு?"

"அறுகலீன்னா ஊட்டுக்கு வர மாட்ட. இடுக்கிக்குத்தான் போவ."

சொல்லியிருக்க வேண்டாம். அவன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் விடிகாலையில் என் வீட்டு ஜன்னலில் வைக்கிற மூன்று நூலை எடுத்துக்கொண்டு போனான். மாட்டினானா, சட்டைப் பையில் வைத்துக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. மகளிடம் சொல்லலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் அவள் வந்துவிடுவாள். சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

மூன்றாம் நாள் ஆடிக் காற்று முழுதாக இறங்கியது. மரங்களிலிருந்து காய்ந்த கிளைகள் விழுந்தன. அவன் வெளிச்சம் வருவதற்கு முன்பே, காற்று லேசாக இருந்தபோது, தென்கரைக்குப் போய்விட்டிருந்தான். திரும்புகிற நேரத்துக்கு அணையெங்கும் வெள்ளை நுரை. நான் கரை மேல் நின்றேன். மணமகனின் பாதி முகம் தூரத்தில் எழுந்தது. கொஞ்ச தூரம் வந்தது. சட்டென்று படபடத்தது.

அறுந்துவிட்டது. அதாவது என் நூலைத்தான் மாட்டியிருக்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாய் மறுபடியும் விறைத்தது. கொஞ்ச தூரம். மறுபடியும் படபடத்தது. இரண்டு. அணையின் நடுவில் மூன்று. அதற்கு மேல் அவனிடம் நூல் கிடையாது. நான் மூன்றுதான் கொடுத்திருந்தேன். ஏன் மூன்று? நான்கு கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூங்கிலும் பின்னால் சாய்ந்து படுத்தன. பாய் மறைந்தது. மரமும் பாயும் இல்லாத வள்ளம் அந்த நுரையில் ஒரு கோடு மாதிரி. கிழக்கே நகர்வது தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கிழக்கு மூலை ஒரு மேட்டுக்குப் பின்னால் திரும்புகிறது.

சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். காற்று என் சத்தத்தை எனக்குக்கூடக் கேட்கவிடவில்லை. அன்றைக்கு வேறு வள்ளம் எதுவும் தண்ணீரில் இல்லை. கரை வழியாகக் கிழக்கே நடந்தேன். எனக்கு முட்டி வலி. தடுப்புக் கற்களை எண்ணுவது தானாகவே நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்றாவது கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. தொழிற்சாலையில் அவளுக்கு இடைவேளை விடுகிற நேரம், தினமும் பேசுகிறவள்.

"மாமா, அங்க காத்தா? போன்ல இரையுது."

"ஆமாம்மா."

"அப்பா வந்துட்டாரா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "இல்ல," என்றேன்.

"கவுந்துருச்சா?"

"இல்லம்மா. மூணு நூலும் அறுந்துருச்சு, பாயை எறக்கிட்டான். மரத்தையும் படுக்க வெச்சுட்டான். கிழக்க போறது தெரிஞ்சுது. அப்புறம் தெரியல."

பின்னால் தொழிற்சாலையின் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நான் லீவு சொல்லிட்டு வரேன் மாமா," என்றாள். வைக்காதே அம்மா, கொஞ்சம் இரு என்றேன். எதற்காக இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

கிழக்கு மேட்டின் மேல் முதலில் ஒரு துடுப்பு தெரிந்தது. பிறகு அதைத் தோளில் வைத்திருந்தவன். இடுப்புவரை சேறு. கேன்கள் இரண்டும் இன்னும் கட்டியபடியே, நடக்கும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. வலது கையில் துடுப்போடு மீன் பையும் இருந்தது.

"எத்தனையாவது கல்லுங்க மச்சா?" என்றான், பக்கத்தில் வந்ததும்.

நான் போனை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை, கை சேறாக இருந்தது. நானே ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா."

"நாந்தான் சாமி. ஒண்ணும் ஆகல. வள்ளம் கெழக்க சேத்துல ஏறி நிக்குது. காத்து எங்க கொண்டு போச்சோ அங்க போய் எறங்கி நடந்து வந்துட்டேன். ஒரு பக்கம்கூட நனையல, வள்ளத்தச் சொல்றேன்."

"ஏம்ப்பா வேற கயிறு கட்டல?"

அவன் என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தான்.

"கயிறு இருந்துச்சும்மா. வலைக்கயிறு காலடியில கெடந்துச்சு. கை அதுக்குத்தான் போச்சு. கண்ணியும் போட்டுட்டேன். இறுக்கறதுக்கு முன்னால விட்டுட்டேன். போனாப் போகுது, சிரிக்கறவன் சிரிக்கட்டும்னு மரத்தப் படுக்க வெச்சுட்டேன்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது. போக வேண்டும் என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"மாமா," என்றாள்.

"சொல்லும்மா."

"நாளையிலிருந்து நாலு நூல் குடுத்தனுப்புங்க."

போனை வைத்துவிட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து அறுந்த துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். மூன்று நூல், ஆறு துண்டு. சரியாக இருந்தது. காற்று அடங்கட்டும், வள்ளத்தை எடுத்து வரலாம் என்று இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

அன்று இரவு அவன் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் நூல் உருண்டையை எடுத்து ஐந்து வெட்டி, நனைத்து வைத்தேன்.